அப்பா மரத்தடியில் நின்ற ஞாயிறுகள்

எங்கள் ஊர் ஆலயத்தில் திருவிருந்து மாதத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். எங்கள் ஊர் வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே, வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. போதகர் ஐயாவுக்கு இதைப் போலப் பல ஊர்கள். நீடாமங்கலத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, நடத்தி முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். ஆனால் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் கொடுக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. அதனால் அந்த ஒரு ஞாயிற்றுக்குப் பெரியவர்கள் முன்கூட்டியே தயாராவார்கள். யாரிடமாவது மனஸ்தாபம் இருந்தால் அதற்குள் போய்ப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பது எங்கள் சபையில் வழக்கம். வாரமெல்லாம் முகம் கொடுத்துப் பேசாத ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் இன்னொருவர் வீட்டு வாசலில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தால், மறுநாள் திருவிருந்து என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

பிரசங்கம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். நாங்கள் போய்ப் புங்க மரத்தடியில் நிற்போம். வேப்ப மரம் என்று என் தம்பி இப்போது சொல்கிறான். அம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன், புங்க மரம்தான். எங்களோடு ஒரே ஒரு பெரியவரும் எழுந்து வெளியே வருவார். அவர் என் அப்பா.

அப்பா எங்களோடு பேசமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு ஆலயத்தின் பக்கத்துச் சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே ஆட்கள் வரிசையாகப் போய் முழங்கால் போடும் ஓசை கேட்டதும் செருப்பைக் கழற்றிவிடுவார். அது முடிகிறவரை வெறும் மண்ணில் நிற்பார். கால் வலிக்கிறது போல என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. உபதேசியார் மகனுக்கு என்னைவிட ஒரு வயது கூட.

"ஏ புள்ள, ஒங்கப்பா எந்த கிளாஸு? பாலர் வகுப்பா, ஆரம்ப வகுப்பா?" என்று கேட்டான் ஒரு நாள்.

"ஏன்டா?"

"எங்களோடதானே வெளிய வர்றாரு. ஞாயித்துக்கெழம பள்ளியில பேர் குடுத்தாச்சான்னு கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அதற்கு முந்தைய வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்துத்தான் விட்டார்கள். எங்கள் வயலும் சித்தப்பாவின் வயலும் அடுத்தடுத்து இருந்தன, நடுவில் ஒரு வரப்பு. எங்கள் முறை வந்த அன்று அப்பா வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் எங்கள் வயலில் ஈரம் மட்டும்தான் இருந்தது. தண்ணீர் முழுக்கச் சித்தப்பா வயலில் தளும்பிக்கொண்டிருந்தது. வரப்பு உடைந்திருந்தது. வாய்க்கால் கரையில் அத்தனை பேர் இருக்க, அப்பா தன் சொந்தத் தம்பியைப் பார்த்துக் கத்தினார்:

"தண்ணி திருடித் திங்கிறவன் வாய் வச்ச பாத்திரத்துல இனிமே என் வாய் படாதுடா!"

சித்தப்பா தான் வெட்டவில்லை என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. தண்ணீர் அவர் வயலில்தானே நின்றது!

எங்கள் ஆலயத்தில் இரசத்துக்கு ஒரே பாத்திரம்தான். முழங்காலிட்டிருக்கும் ஒவ்வொருவர் வாய்க்கும் போதகர் அதைக் கொண்டுவருவார். அடுத்த திருவிருந்தில் சித்தப்பா எழுந்து முன்னால் போனார். அப்பா இருந்த இடத்திலேயே இருந்தார். பிறகு எழுந்து எங்களோடு வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் இதுதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று சிலர் மெச்சினார்கள், ரோஷக்காரர் என்றார்கள். போதகர் ஐயா இரண்டு தடவை வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்.

அம்மாவும் சித்தியும் கூடப் பேசிக்கொள்வதில்லை என்றுதான் ஊரில் நினைத்தார்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த கொல்லைப் படலுக்குக் கீழே கிண்ணங்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தன. சித்தி வைத்த கெண்டைக் குழம்பை அப்பா பல நாள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறார். இன்று குழம்பு நன்றாக இருக்கிறதே என்று அம்மாவைப் பாராட்டியும் இருக்கிறார். அம்மா அடக்கமாகத் தலையாட்டுவாள்.

அந்த மார்கழியில் சம்பா பால்பிடித்து நின்றது. கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் திருவிருந்து இருக்கும் என்று உபதேசியார் அறிவித்துவிட்டார். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து சேரும் நாள் அது.

"பண்டிகை அன்னக்காச்சும் உள்ள வருவீங்களா, இல்ல அன்னக்கும் மரத்துக்குக் காவலா?" என்றாள் அம்மா.

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

எனக்கு இருந்த பயம் வேறு. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் உபதேசியாரின் மூத்த மகள். டீச்சரக்கா என்று கூப்பிடுவோம். பரலோகத்தைப் பற்றிச் சொல்லும்போது அது பெரிய பந்தி என்றும், எல்லோரும் வந்த பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். நான் அந்தக் கதவுக்கு வெளியே ஒரு புங்க மரத்தையும், அதன் கீழே செருப்பில்லாமல் நிற்கும் அப்பாவையும் பார்த்தேன். கண்ணை மூடினால் அதுதான் வந்தது. அம்மா உள்ளே இருப்பாள், சித்தி இருப்பாள், உபதேசியார் மகன்கூட இருப்பான். அப்பா மட்டும் இருக்கமாட்டார்.

டீச்சரக்காவிடம் போய், கடவுளிடம் நேரில் பேச வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தனியாக ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், பிறகு நாம் பேசாமல் இருந்தால் அவர் பேசுவார் என்றார்.

இதில் எனக்கு ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. எங்கள் வீட்டில் வாசல் கதவைத் தவிர வேறு கதவு கிடையாது. முன்கட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பழைய சேலை தொங்கியது, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்ததில், மூடிக்கொள்ளக்கூடியதாக எங்கள் வீட்டில் இருந்தது பத்தாயம் ஒன்றுதான்.

நெல் கொட்டி வைக்கும் அந்த மரப்பெட்டி வீட்டின் நடுவே அப்பா உயரத்துக்கு நின்றது. மேலே ஒரு மூடி, அதற்கு ஒரு கொக்கி. அறுவடைக்கு முந்தைய மாதம் ஆனதால் உள்ளே நெல் ஏறக்குறைய இல்லை. சனிக்கிழமை பிற்பகல், அம்மா தம்பியை அழைத்துக்கொண்டு பண்டிகைக்குத் துணி எடுக்க நீடாமங்கலம் போயிருந்தாள். அப்பா வயலில். நான் உரலின் மேல் ஏறி, அங்கிருந்து பத்தாயத்தின் விளிம்பைப் பிடித்து உள்ளே இறங்கி, எக்கி மூடியை இழுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பலகை இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடுகளில் தூசி மிதந்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பழைய நெல்லின் வாசனை. வெளியே கோழி கொக்கரிப்பது எங்கோ தொலைவில் கேட்பது போல இருந்தது. முழங்கால் போட்டேன், பதர் குத்தியது. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் எழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அது இருட்டைப் பற்றிய பயம் இல்லை. யாரோ வரப்போகிறார்கள், அவரை நான்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்ற பயம்.

அப்பாவை உள்ளே கூப்பிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு டீச்சரக்கா சொன்னபடி பேசாமல் இருந்தேன். கடவுளின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெரிய சத்தமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். நான் கேட்டதிலேயே பெரிய சத்தம் நீடாமங்கலம் ஜங்ஷனுக்குள் ரயில் நுழையும் சத்தம். அப்படி ஒன்றைத் தாங்கிக்கொள்ளப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

காலடி ஓசை கேட்டது. வந்து நின்றது. பிறகு பத்தாயம் இலேசாக அசைந்தது, யாரோ அதில் தலையைச் சாய்த்தது போல.

"அப்பா" என்றது ஒரு குரல்.

அது என் அப்பாவின் குரல். தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர். என் அப்பா ஒருவரை அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவருடைய சட்டை மட்டும் தெரிந்தது. வேறு யாரும் இல்லை.

"அப்பா, இன்னக்கும் வந்துருக்கேன். புதுசா ஒண்ணும் இல்ல. நேத்து சொன்னதுதான்."

ஆலயத்தில் உபதேசியார் ஜெபிப்பது வேறு மாதிரி. அந்தத் தமிழ் உயரத்திலிருந்து இறங்கும். இது அப்படி இல்லை. வயலில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற ஒருவரிடம் பேசுவது போல இருந்தது.

"அவன் வெட்டல. நண்டு வளைதான். நீங்க அன்னைக்கே பாத்தீங்க, நான் மறுநாள்தான் பாத்தேன். பாத்துட்டு மண்ண அள்ளி வச்சு அடைச்சேன். யாருக்கும் சொல்லல." பத்தாயம் இன்னொரு முறை அசைந்தது. "ஊரே பாக்கத் திருடன்னு சொல்லிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்கிட்ட போவேன்? அவன் வாய் வச்ச பாத்திரத்துல வாய் வைக்கமாட்டேன்னேன். வைக்கிறதுக்கு எனக்குத்தான் வாய் இல்ல. உள்ள வந்து பொய்யா முட்டி போட முடியல. உங்கள விட்டுத் தூரமாப் போகவும் முடியல. அந்த மரம் வரைக்கும்தான் வர முடியுது."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். திருடர் சித்தப்பா இல்லை என்பது என் தலையில் ஏறவே நேரமாயிற்று. வரப்பில் நண்டு குடைந்த வளை ஒன்று வழியாகத் தண்ணீர் கசிந்து, கசிவு பெருகி, வரப்பே சரிந்திருக்கிறது. அப்பாவுக்கு இது இவ்வளவு நாளும் தெரிந்திருக்கிறது.

"எவ்ளோ நாளா கேக்குறேன்" என்றார் அப்பா. "ஒரு வார்த்த சொல்லுங்களேன். ஏசுறதுன்னா ஏசுங்க. இப்படிச் சும்மா மட்டும் இருக்காதீங்க."

பதில் எதுவும் வரவில்லை. அப்பா காத்திருந்தார். உள்ளே நானும் காத்திருந்தேன். இப்போது பேசிவிடுவார் என்று உறுதியாக நம்பினேன். இரண்டு பேர் கேட்டால் பேசாமல் இருப்பாரா?

அப்பா பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார். பத்தாயத்தின் மூடியில் கொக்கி மாட்டாமல் இருந்ததை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். எலி ஏறிவிடும் என்று எப்போதும் சொல்வார். கை நீண்டு வந்து மூடியை அழுத்திக் கொக்கியை மாட்டியது. அந்தச் சத்தத்தில் என் துணிச்சல் எல்லாம் போய்விட்டது.

"அப்பா!" என்றேன். "நான் உள்ளதான் இருக்கேன்."

உடனே திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. பிறகு தொப்பென்று ஏதோ விழுந்தது போல இருந்தது. இடுக்கில் பார்த்தேன். அப்பா தரையில் முழங்காலில் இருந்தார். இரண்டு கைகளும் மண்ணில் ஊன்றியிருந்தன. அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, மூச்சு முட்டுது, தொறங்கப்பா" என்று இன்னொரு முறை கத்தினேன்.

அப்போதுதான் அவர் எழுந்தார். கொக்கி அவர் கையில் இரண்டு முறை வழுக்கியது. மூடியைத் திறந்து என்னைத் தூக்கி வெளியே விட்டார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவர் என் தலையிலிருந்து பதரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தலை சாய்ந்திருந்த பலகையில் ஓரிடம் மட்டும் கறுத்து மழமழவென்று இருந்ததை அப்போது கவனித்தேன். எண்ணெய்ப் பிசுக்கு என்று அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், போகவே போகாது.

"உள்ள என்னா பண்ணுன?"

"ஜெபம் பண்ணேன். டீச்சரக்கா கதவச் சாத்திக்கிட்டுப் பண்ணச் சொன்னாங்க. நம்ம வீட்டுல எங்க கதவு இருக்கு?"

அப்பா சிரித்தார். அது சிரிப்புதானா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

"என்னா கேட்ட?"

"உங்கள உள்ள கூப்புடச் சொன்னேன்."

அவர் கை நின்றுவிட்டது. நான் அதற்குள் என் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன். "நண்டு வளைதானாப்பா?"

"ஆமா" என்றார். "நண்டு வளைதான்." சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார், அந்த வார்த்தையை வெளியே விட்ட பிறகும் கூரை விழவில்லையே என்பது போல. பிறகு என் கையைப் பிடித்தார். "வா, போவோம்."

சித்தப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து பண்டிகைக்காக மூங்கில் சிம்பு வளைத்து நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அடியே, வாசலுக்கு வா!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "மழ வரப்போவுது, காயப்போட்டத எடு. எங்கண்ணன் வந்துருக்காரு!"

அப்பா அந்தக் கேலியைக் கண்டுகொள்ளவில்லை. நின்றபடியே சொன்னார். "தம்பி, அது நண்டு வளைடா. நீ வெட்டல. நான் மறுநாளே பாத்துட்டேன்."

சித்தப்பா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்ணே" என்றார்.

"என்னா தெரியும்?"

"வரப்பு வேற மண்ணு, நீங்க அடைச்சது வேற மண்ணு. கறுப்பாத் தெரிஞ்சுது. இவரு வளையப் பாத்துட்டாருன்னு அன்னைக்கே புரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன்டா ஊரக் கூட்டிக் கேக்கல?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். நல்லாக் கேக்கணும்னு இருந்தேன்." சித்தப்பா கத்தியை எடுத்து, மறுபடி வைத்தார். "அடுத்த திருவிருந்துல சின்னப் புள்ளைங்களோட எந்திரிச்சு வெளிய போனீங்க பாருங்க. செருப்பக் கழட்டிட்டு நின்னீங்க. சன்னல் வழியாப் பாத்தேன். அதுக்கப்பறம் நான் என்னத்தக் கேக்குறது?"

அப்பா என் கையை விட்டார்.

"தாகமா இருக்கு. தண்ணி குடு" என்றார் அப்பா.

சித்தி ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைச் சித்தப்பா குறுக்கே வாங்கினார். எங்கள் பக்கத்தில் செம்பைத் தூக்கி அண்ணாந்துதான் குடிப்போம், வாய் வைக்க மாட்டோம். சித்தப்பா விளிம்பில் நன்றாக வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார்.

"ஐயய்யோ, எச்சித் தண்ணியையா குடுக்குறது!" என்று சித்தி பதறினாள்.

"நீ சும்மா இரு. இது எங்க வெவகாரம்."

அப்பா வாங்கி, அதே இடத்தில் வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தார். சொட்டு விடவில்லை. பிறகு, வாய்க்கால் கரையில் கத்திய அதே சத்தத்தில், தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எந்தம்பி திருடன் இல்ல, நாந்தான் தெரிஞ்சே மறைச்சேன்" என்று சொன்னார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி, துணிப் பையும் தம்பியுமாக வந்தவள், தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனையில் பிரசங்கம் முடிந்து எங்களை வெளியே அனுப்பினார்கள். பனி விழுந்துகொண்டிருந்தது. மரத்தடியில் அப்பா இல்லாமல் நிற்பது எனக்கு என்னவோ போலிருந்தது. சன்னலுக்குக் கீழே கிடந்த செங்கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். சித்தப்பாவும் அப்பாவும் அடுத்தடுத்து முழங்காலில் இருந்தார்கள். பாத்திரம் சித்தப்பாவிடம் வந்தது, பிறகு அப்பாவிடம் வந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்த பிறகும் அப்பா எழவில்லை. போதகர் ஐயா பாத்திரத்தை ஏந்தியபடி, அவர் எழும்வரை காத்துக்கொண்டு நின்றார். போதகரின் அவசரத்தை அறிந்த எங்களுக்கு அது பெரிய ஆச்சரியம்.

"ஒங்கப்பா பாஸாயிட்டாரு!" என்றான் உபதேசியார் மகன், என் பக்கத்தில் எம்பிக்கொண்டே. அதில் கேலி இல்லை.

எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் மனதில் ஒரு குறை. ஆராதனை முடிந்து வந்த டீச்சரக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே மூடிக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணேன். பேசாமயும் இருந்தேன். அவரு ஒரு வார்த்தகூடப் பேசல. நடுவுல எங்கப்பா வந்துட்டாரு."

"அடுத்த தடவ பேசுவாரு, விடு" என்று அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த தடவை அப்பா வயலில்தான் இருக்கிறாரா என்று நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

கும்பல் கலைந்துகொண்டிருந்தது. அப்பா ஆலயப் படியில் இறங்கி நேரே என்னிடம் வந்தார். வெயில் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை ஆலயத்துக்குள், பீடத்தைப் பார்க்கிறவர்களிடம் மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். அவர் கண்ணில் நீர் நிறைந்து நின்றது. என் முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, புதுப் பாவாடையின் நுனியால் அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.